ஒரே வீட்டில் இரு சபையார்: குடும்ப ஜெபம், கல்லறைத் திருநாள், தாயாரின் நகை

கேள்வி: மூத்தவன், தூத்துக்குடி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் குடும்பம் பாட்டனார் காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தது. என் தங்கை திருமணமாகிச் சென்ற சில ஆண்டுகளில் தன் கணவரோடு ஒரு பெந்தெகொஸ்தே சபையில் இணைந்து, முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, நகைகளைக் கழற்றிவிட்டாள். தாலியும் அவற்றோடு போயிற்று. அவளுடைய விசுவாசத்தில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. எங்கள் தாயார் நோயுற்றிருந்த மாதங்களில் கட்டிலருகே இரவெல்லாம் முழங்காலில் நின்றவள் அவள்தான். சென்ற சித்திரையில் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, இரு வீட்டாருக்கும் இடையில் அதுவரை பேசாமல் விட்டிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் இரவு உணவுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா ஒரு சங்கீதம் வாசிப்பார்கள், ஒரு கீர்த்தனை பாடுவோம், கர்த்தருடைய ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். தங்கை விடுமுறைக்கு வந்தால் அவளையும் ஜெபிக்கச் சொல்வது அப்பாவின் வழக்கம். அவள் கைதட்டி, உரத்த குரலில், சில வேளைகளில் ஆவியானவர் அருளுவதாக நம்பும் அந்நியபாஷையிலும் ஜெபிக்கிறாள். எங்களுக்குப் பழக்கமில்லாத முறைதான் என்றாலும் அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் "ஆண்டவரே, பாரம்பரியத்தில் கட்டுண்டிருக்கிற இந்த வீட்டாரின் கண்களைத் திறந்தருளும்" என்று அவள் தொடங்கும்போது, கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருக்கும் அப்பாவின் உதடுகள் நின்றுவிடுகின்றன. ஜெபம் முடிந்ததும் என் மனைவி ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

எங்கள் பக்கத்திலும் நியாயமில்லாத பேச்சு உண்டு. உறவினர் வீட்டுத் திருமணத்தில், பந்திக்கு உட்காரும் வேளையில், எங்கள் பெரியம்மா ஒருவர் "கட்டியவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது கழுத்தும் காதும் இப்படி மூளியாக வந்து நிற்கலாமா?" என்று பத்துப் பேர் கேட்க அவளிடம் கேட்டார்கள். அவள் இலையிலிருந்து எழுந்து போய்விட்டாள்.

இப்போது நவம்பர் 2 வருகிறது. தாயாரை அடக்கம்பண்ணிய பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஐயர் (சபைப் போதகர்) வந்து ஜெபிக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் கூடி நிற்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மரித்தோரை முன்னிட்டுச் செய்யும் எதிலும் பங்குகொள்ளத் தன் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்று தங்கை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். தாயாரின் நகைகளில் தன் பங்கும் தனக்கு வேண்டாம், அதை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். தாயாருடைய இரட்டைவடச் சங்கிலியை விற்பதை அப்பாவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

சபை வேறுபட்டவர்கள் ஒரே வீட்டில் ஒருவர் பக்திமுறைக்கு மற்றவர் எதுவரை இடங்கொடுக்க வேண்டும்? எதையும் பேசாமல் ஒதுங்கிப் போவதுதான் மரியாதையா? இத்தகைய குடும்பங்களில் வாழ்ந்து பழகியவர்கள் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், நாசரேத் வட்டாரம்

தம்பி, இந்தக் கேள்விக்கு எல்லோரும் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அது எழுதப்பட்ட சூழலையும் சேர்த்து வாசித்தால் இன்னும் தெளிவாகும். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டுப் போகக் கட்டளையிட்டதை அப்போஸ்தலர் 18:2 சொல்கிறது, அது கி.பி. 49இல் நடந்தது என்பது அறிஞர் பலரின் கணிப்பு. 54இல் அந்த ராயன் இறந்தபின் திரும்பி வந்த யூத விசுவாசிகள், தாங்கள் இல்லாத காலத்தில் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளின் வழக்கப்படி நடந்துவந்த சபைகளையே கண்டிருப்பார்கள். 57ஐ ஒட்டிப் பவுல் இந்த நிருபத்தை எழுதும்போது, ஒரு சாரார் மரக்கறி மாத்திரம் புசித்து, சில நாட்களை விசேஷமாக எண்ணுகிறார்கள். மறுசாரார் எதையும் புசித்து, எல்லா நாட்களையும் சமமாக எண்ணுகிறார்கள். ஒரே கர்த்தர், ஒரே பந்தி, அதிலே இந்த மனக்கசப்பு.

பவுல் இரு சாராருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். புசிக்கிறவன் மற்றவனை "அற்பமாயெண்ணாதிருப்பானாக" என்கிறார்; புசியாதவன் மற்றவனைக் "குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக" என்கிறார். தன்னைச் சுயாதீனன் என்று எண்ணுகிறவனுக்கு ஏளனம் எளிதில் வரும். கட்டுப்பாட்டோடு நடக்கிறவனுக்கு நியாயத்தீர்ப்பு எளிதில் வரும். உங்கள் பெரியம்மா பந்தியில் பேசியது முதல் வகை. உங்கள் தங்கை ஜெபத்தில் சொல்வது இரண்டாம் வகை. ஆகவே இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது. பெரியம்மாவைக் கண்டிக்க வேண்டியவர், வீட்டின் மூத்த மகனாகிய நீங்கள். அதைத் தங்கை அறியும்படியாகவே செய்ய வேண்டும். அவள் இலையிலிருந்து எழுந்து போனபோது வீட்டார் யாரும் அவளுக்காகப் பேசவில்லை என்ற எண்ணம் அவளுக்குள் இருந்தால், குடும்ப ஜெபத்தைப் பற்றி நீங்கள் சொல்லப்போகும் எதுவும் அவள் காதில் ஏறாது.

கல்லறைத் தோட்டத்துக்கு அவளை வற்புறுத்தி அழைக்காதீர்கள். அங்கே நம்முடைய ஐயர் ஏறெடுப்பது, மரித்தவரின் நிலையை மாற்றும் ஜெபம் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். அது அவருடைய வாழ்வுக்காகச் செலுத்தும் ஸ்தோத்திரம், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிக்கையிடும் ஜெபம் என்று நீங்கள் விளக்கலாம். விளக்கிய பிறகும் அவளுக்குத் தடை இருந்தால் விட்டுவிட வேண்டும். அதே அதிகாரத்தின் கடைசி வசனம், விசுவாசத்தினாலே வராத யாவும் பாவம் என்கிறது. அப்பாவின் கண்ணீருக்காக அவள் மனச்சாட்சியை மீறி வந்து நின்றால், அவளை அந்த இடத்தில் நிறுத்திய பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

நம் சபைக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) முதலானோர் 1919இல் தரங்கம்பாடியில் கூடி ஐக்கியத்துக்கான அழைப்பை விடுத்தார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானது 1947 செப்டம்பர் 27இல். இடையில் 28 ஆண்டுகள் பேசியிருக்கிறார்கள். அசரியா அத்தியட்சர் அந்த நாளைக் காணாமல் 1945இல் மறைந்தார். பேராயரை ஏற்றவர்களும் பேராயரே வேண்டாம் என்றவர்களும் ஒரே சபையாக எப்படிச் சேர முடிந்தது? பழக்கமில்லாத அல்லது மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழிய முறையையோ எந்தச் சபையார்மீதும் சுமத்துவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு நம் சபையின் அமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சபைகளுக்குள் கொடுத்த அந்த வாக்கை ஒரு வீட்டுக்குள் நம்மால் கொடுக்க முடியாதா என்பதே என் கேள்வி.

இதில் எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் பழைய அனுபவமும் உண்டு. 1857இல் இங்கே மிஷனெரிமாரை விட்டுப் பிரிந்து சட்டாம்பிள்ளை என்பவர் தொடங்கிய சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். மிஷனெரிமாரோடு இருந்த உறவினர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். பிரிவு கசப்பாகத்தான் தொடங்கியது. உறவினர் இரு சபையாராவது நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பதில்: நாகர்கோவில் சகோதரி

அண்ணன், நானும் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்து பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தவள். உங்கள் தங்கையின் இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

நகையைக் கழற்றுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சபைச் சட்டமாகத் தெரியும். கழற்றுகிறவளுக்கு அது வேறு. உலகத்தார் பார்க்கும் முதல் பார்வையில் தனக்கிருந்த மதிப்பை அவள் ஆண்டவருக்கென்று விட்டுக்கொடுக்கிறாள். அதன் பிறகு பேருந்தில், கல்யாண வீட்டில், அலுவலகத்தில், நகை வட்டிக்கடையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். கணவர் இருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்காமல் நெற்றியையும் கழுத்தையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் இதைச் சுமக்கிறவளுக்குப் பிறந்த வீட்டிலாவது அந்தப் பார்வை இருக்கக்கூடாது. தாலியைப் பொறுத்தவரை பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. சிலுவை பொறித்த தாலியை அம்மா தேடித் தேடிச் செய்திருப்பார்கள். எங்கள் சபைகளுக்குள்ளேயே இதில் ஒரே வழக்கம் கிடையாது. தாலியை மட்டும் அணிந்துகொள்ளும் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆனால் கழற்றியவள் அதைத் தாய்க்கு எதிராகக் கழற்றவில்லை என்பதை உங்கள் அப்பாவிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கல்லறையைக் குறித்து என் வழக்கத்தைச் சொல்கிறேன். நான் திருநாளுக்கு முந்தின நாளே தனியாகப் போவேன். அம்மாவின் கல்லறையைச் சுற்றி முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்கி, சிமெண்டுத் தளத்தைத் தேய்த்துக் கழுவி, பெயர் எழுத்துகளுக்குள் படிந்திருக்கும் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டு வருவேன். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. மறுநாள் அண்ணன்மார் போகும்போது இடம் சுத்தமாக இருக்கும். தாயைக் கனம்பண்ணுவது ஐந்தாம் கற்பனை. அதைச் செய்ய எனக்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் தங்கையிடம் "வருகிறாயா, இல்லையா" என்று கேட்பதைவிட "நீ மனநிறைவோடு என்ன செய்ய முடியும்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஜெபத்தில் நடப்பதை மட்டும் நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். பக்கத்தில் முழங்காலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவர் பெயரைச் சொல்லி, அவர்கள் பதில் சொல்ல முடியாத நேரத்தில் சொல்வது ஜெபமாகாது. ஆவியானவர் ஏவினார் என்று அதற்குப் பாதுகாப்பும் தேடக்கூடாது. இதை அவளிடம் நேரில், தனியாக, நீங்களே சொல்லுங்கள். அப்பாவையோ மதினியையோ சொல்லவைக்காதீர்கள், தொலைபேசியிலும் வேண்டாம். "எங்களுக்காக ஜெபி, ஆனால் உன் அறையில் ஜெபி, எல்லோரும் கூடும்போது எல்லோரும் ஆமென் சொல்லக்கூடியதை ஜெபி" என்று கேட்பதில் தவறில்லை. அவள் கைதட்டலையும் அந்நியபாஷையையும் இதோடு சேர்த்துக் குறையாகச் சொல்லிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.

நகைப் பங்கில் வழி இருக்கிறது. சங்கிலியை விற்க வேண்டாம். அவள் பங்குக்குரிய நகைகளுக்கு அன்றைய விலையைப் போட்டு, அந்தத் தொகையை உங்களில் யாராவது அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அவள் அதை எந்த ஊழியத்துக்குக் கொடுக்கிறாள் என்று யாரும் கேட்கவும் வேண்டாம். நகை வீட்டில் இருக்கும். அவள் காணிக்கையும் போய்ச் சேரும்.

பதில்: திருச்சி, கத்தோலிக்கர்

நான் கத்தோலிக்கன், என் மனைவி லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். கலப்புத் திருமணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்கினோம். பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று நான் வாக்களிக்க வேண்டியிருந்தது; அது என் மனைவிக்கும் தெரிவிக்கப்பட்டது. திருமணத்துக்கு முன்பே இதை முழுமையாகப் பேசிக்கொண்டதால், பிறகு ஏமாற்றப்பட்டதாக யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் தங்கை வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் விடுமுறைக்கு வரும்போது எந்த ஆராதனைக்கு அழைத்துப் போகலாம், எதற்குக் கூடாது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் வேறுபாட்டைவிடப் பிள்ளைகளைக் குறித்து எழும் சந்தேகமே குடும்பங்களை அதிகம் பிரிக்கிறது என்பது நான் கண்டது.

எங்கள் வீட்டு ஜெபமுறையைச் சொல்கிறேன். நான் ஜெபமாலை சொல்லும்போது மனைவி உடன் அமர்கிறார். மரியாவை நோக்கிய மன்றாட்டை அவர் சொல்வதில்லை, சொல்லும்படி நான் கேட்பதுமில்லை. ஆனால் ஒவ்வொரு மறையுண்மைக்கும் (ஜெபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வு) முன்னால் அதற்குரிய நற்செய்திப் பகுதியை அவர்தான் வாசிக்கிறார். மகிழ்ச்சி மறையுண்மைகளில் இரண்டாவதற்கு, மரியா எலிசபெத்தைக் காணச் செல்லும் லூக்கா முதல் அதிகாரப் பகுதி. அவருடைய வாசிப்பு நிதானமாக இருக்கும். என் ஜெபமாலை அதனால் வேகம் குறைந்து, தியானமாக மாறியிருக்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் இறைச்சி உண்பதில்லை என்பதற்காக வீடு முழுவதற்கும் மரக்கறி சமைக்க வேண்டும் என்று கேட்பதில்லை. மனைவி தாமாகவே அப்படிச் சமைக்கிறார். கேட்டிருந்தால் அது வேறு விதமாக ஆகியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத வலி ஒன்று உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராக்கப்படுவதைப் பற்றிய போதனையில் எங்கள் இரு திருச்சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டிருக்கின்றன. ஆனாலும் நற்கருணை வாங்கும் வேளையில் நான் எழுந்து செல்ல, அவர் இருக்கையிலேயே இருக்கிறார். அவருடைய ஆலயத்தில் நான் இருக்கையில் இருக்கிறேன். சபையின் ஒழுங்கை மீறி நாங்களாக ஒரு வழி செய்துகொள்ளவில்லை. மரியாதை என்பது எல்லா வலியையும் நீக்கிவிடும் என்று எதிர்பார்த்து நீங்கள் தங்கையிடம் பேசப் போக வேண்டாம். அந்த வலியைப் பற்றி ஒருவரையொருவர் குறைசொல்லாமல் பேசிக்கொள்ள முடிந்தாலே பெரிய காரியம்.

பதில்: சென்னை, சகோதரர் சபை

முன்னால் எழுதிய மூவருடைய கருத்துகளோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் வேறுவிதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் "தனிப்பட்ட பக்திமுறை" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுவது எதிர்த்தரப்பைப் புண்படுத்தும் ஒரு வழியாகிவிடலாம். லெந்து (தவக்கால) நாட்களில் உபவாசிப்பது, நகை அணிவது, கைதட்டிப் பாடுவது, பெண்கள் முக்காடிடுவது ஆகியவற்றில் அவனவன் தன்தன் மனதிலே நிச்சயித்துக்கொள்ளலாம். ஞானஸ்நானத்தை உங்கள் தங்கை அப்படி எண்ணியிருக்க மாட்டாள். குழந்தைப் பருவத்தில் பெற்றது ஞானஸ்நானம் அல்ல என்று நம்பியதால்தான் அவள் தண்ணீரில் இறங்கினாள். உங்கள் சபையோ, ஒருமுறை கொடுக்கப்பட்டதைத் திரும்பக் கொடுக்கலாகாது என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. இதைச் சாதாரண ருசிபேதமாக நடத்தினால் அவளும் நீங்களும் ஒருவரையொருவர் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். "இதில் நீ தவறு என்று நான் நம்புகிறேன், நான் தவறு என்று நீ நம்புகிறாய், இருவரும் கர்த்தருக்கு முன்பாகப் பதில் சொல்லப் போகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதே மேல்.

எல்லை எங்கே என்பதற்குப் பவுலின் இரண்டு செயல்களைச் சேர்த்துப் பார்க்கலாம். யூதர்களை முன்னிட்டுத் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு அவர் விருத்தசேதனம் (சுன்னத்து) பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). தீத்துவுக்கு அதே விருத்தசேதனத்தைச் சிலர் கட்டாயப்படுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2). சடங்கு ஒன்றேதான். அது இல்லாமல் இரட்சிப்பில்லை என்று யாராவது சொல்லும் நொடியில் அவருடைய நிலை மாறிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் நகை கழற்றுவதும் கழற்றாததும் அப்படித்தான். "நகை போட்டிருக்கிற உங்கள் தாய் பரலோகம் போகவில்லை" என்று யாராவது பிள்ளைகளிடம் சொன்னால், அங்கே நீங்கள் அமைதியாக இருக்கக்கூடாது.

இன்னொரு எல்லை உயிரைப் பற்றியது. சில சபைகளில் மருந்து எடுப்பதை விசுவாசக் குறைவாகக் கருதுகிறார்கள். பெரியவர் ஒருவர் தமக்கென்று எடுக்கும் தீர்மானம் ஒன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, உங்கள் அப்பாவின் மாத்திரைகளை யாராவது நிறுத்தச் சொன்னாலோ, அது மனச்சாட்சிச் சுதந்தரத்துக்குள் அடங்காது. அங்கே மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் தங்கை அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. ஆயினும் எதுவரை என்று கேட்டதால் இதைக் குறிப்பிட்டேன்.

மூத்தவன், தூத்துக்குடி

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா சொன்னபடி முதலில் பெரியம்மாவிடம் பேசினேன். அவர்கள் முதலில் கோபித்தார்கள். பிறகு, "அவள் இங்கே வந்தால் நானே பரிமாறுகிறேன்" என்று மட்டும் சொன்னார்கள். தங்கையைக் காண இந்தச் சனிக்கிழமை நேரிலேயே போகிறேன். கல்லறையைப் பற்றி நாகர்கோவில் சகோதரி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிரஷ் கொண்டு எழுத்துகளைச் சுத்தம் செய்வதைக் கேட்டதும், நம்முடையது கிரானைட்டா சிமெண்டா என்று என்னிடம் கேட்டார்கள். சங்கிலிக்கு விலை போடச் சம்மதிக்கிறார்கள். தொகையை நானும் தம்பியும் பாதிப் பாதியாகக் கொடுப்பதாக இருக்கிறோம். குடும்ப ஜெபத்தைப் பற்றி அவளிடம் எப்படித் தொடங்குவது என்பதில் இன்னும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஞானஸ்நானத்தைப் பற்றிச் சென்னைச் சகோதரர் சொன்னதுபோல் வெளிப்படையாகப் பேசுவதை முதல் நாளே செய்வதா, திருநாள் கழிந்த பிறகு செய்வதா என்று யாராவது சொன்னால் நலமாக இருக்கும்.

பதில்: நாகர்கோவில் சகோதரி

திருநாள் கழியட்டும், அண்ணன். இப்போது ஜெபத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவள் அம்மாவைக் கவனித்துக்கொண்ட இரவுகளைப் பற்றி எங்களுக்கு எழுதினீர்களே, அதை அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.